கணிதத்தை அச்சுக்கோத்த மொழி

அச்சுக்கலையின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் வேதாகமத்தையும் பத்திரிகையையும் நாவலையும் பற்றியே எழுதியுள்ளனர். கணித நூல்கள் எவ்வாறு அச்சேறின என்பது அதிகம் பேசப்படாத சங்கதி. ஆயினும், அச்சுக்கூடத்தில் தொழிலாளியின் பொறுமையையும் கைத்திறனையும் மிகக் கடுமையாகச் சோதித்த வேலை எதுவென்று கேட்டால், பழைய அச்சுக்கோப்பாளர்கள் தயக்கமின்றிக் கணிதத்தையே சுட்டுவார்கள். அந்தத் தொழில் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்னர் அழியும் தறுவாய்க்கு வந்தது. அப்போது ஒரு கணனி அறிஞர் அத்தொழிலின் விதிகளை ஒரு மொழியாக எழுதிவைத்தார். அந்த வரலாற்றையே இங்கு கூற முற்படுகிறேன்.

கணிதம் அச்சுக்கு ஏன் இவ்வளவு தூரம் அடங்க மறுத்தது? உரைநடை ஒரே நேர்கோட்டில் செல்வது. எழுத்துக்குப் பின் எழுத்தாக, வரிக்குக் கீழ் வரியாக அடுக்கிக்கொண்டு போகலாம். ஈய எழுத்துக்கள் யாவும் ஒரே உயரமுள்ள கட்டைகளாக இருப்பதற்கும் அதுவே காரணம். கணிதமோ வரியை விட்டு மேலேயும் கீழேயும் நகர்கிறது. எண்ணின் தலையில் சுட்டி ஏறி அமர்கிறது. எழுத்தின் காலடியில் சிறு இலக்கம் ஒட்டிக்கொள்கிறது. பின்னத்தில் ஒரு கோட்டின் மேலும் கீழும் இரண்டு கோவைகள் நிற்கின்றன. வர்க்கமூலக் குறி தன்கீழ் வருவனவற்றின் நீளத்துக்கேற்ப நீள வேண்டும். அடைப்புக்குறி தான் அணைக்கும் பின்னத்தின் உயரத்துக்கேற்ப வளர வேண்டும்.

வெனிஸ் நகரில் எர்ஹார்ட் ராட்டோல்ட் என்ற அச்சாளர் 1482இல் யூக்ளிட்டின் கேத்திரகணித நூலை முதன்முதலாக அச்சிட்டபோது, வரைபடங்களைப் பக்கத்தின் ஓரங்களில் ஒதுக்கி வைத்தார். கூட்டல், கழித்தல் குறிகள் 1489இல் லீப்சிக்கில் அச்சான யொஹான்னஸ் விட்மானின் எண்கணித நூலில் தோன்றின. சமக்குறியை ரொபர்ட் ரெக்கோர்ட் 1557இல் அறிமுகம் செய்தார். இவ்வாறு ஒவ்வொரு புதிய குறியும் அச்சுக்கூடத்துக்குப் புதியதொரு சுமையாகவே வந்து சேர்ந்தது. சில சமயங்களில் கணிதமே அச்சுக்கு விட்டுக்கொடுத்ததும் உண்டு. பின்னத்தை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதாமல், நடுவே சாய்கோடு இட்டு ஒரே வரியில் எழுதலாம் என்று 1845இல் டி மோர்கன் பரிந்துரைத்தார். நாம் இன்று சாதாரணமாக எழுதும் அந்தச் சாய்கோடு பரவியதில் அச்சுக்கோப்பாளரின் சிரமத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வேலைக்குச் சிறந்த கருவியாக விளங்கியது மொனோடைப் இயந்திரம். பத்திரிகைகள் விரும்பிய லைனோடைப் ஒரு வரியை முழுமையாக ஒரே வார்ப்பாக வார்த்துத் தள்ளும். மொனோடைப்போ ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியே வார்க்கும். ஆகவே, வார்த்த எழுத்துக்களைப் பின்னர் கையால் எடுத்து, இடம் மாற்றி, மேலும் கீழும் பொருத்த முடிந்தது. இயந்திரம் வார்த்துத் தந்தவற்றைத் தட்டில் வைத்து, பின்னத்துக்குப் பித்தளைக் கோடு வெட்டி, சுட்டிகளுக்குக் கீழே முட்டுக்கொடுத்து, தலைமயிர் அளவான ஈயத் தகடுகளால் இடைவெளியை நிரப்பி ஒரு சமன்பாட்டை நிறுத்துவது கைவேலையே. ஆங்கில அச்சகத்தார் இத்தகைய கையெழுத்துப் பிரதியைத் ‘தண்டப் பிரதி’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். சாதாரண பக்கத்துக்கான கூலியிலும் பார்க்க அதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஈய எழுத்துக்களின் காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்குள் வந்தவன் என்ற முறையில் இதன் சிறியதொரு வடிவத்தை நானும் கண்டதுண்டு. பரீட்சைக் காலங்களில் சாதாரண தர மாணவர்களுக்கான கணித மாதிரி வினாத்தாள்களைப் பத்திரிகையில் வெளியிடுவோம். அன்றைய தினங்களில் அச்சுக்கோப்புப் பகுதியில் முகங்கள் இறுகிப்போயிருக்கும். அந்தப் பக்கத்தை எல்லோரிடமும் கொடுத்துவிட முடியாது. அனுபவமிக்க ஒருவரோ இருவரோதான் அதனைத் தொடுவார்கள். கழித்தல் குறிக்கு இருபுறமும் எவ்வளவு இடம் விடவேண்டும் என்று அவர்கள் எந்த நூலிலும் படித்ததில்லை. கண் சொல்லும், கை செய்யும். ஒப்புநோக்கும்போது நாம் கண்டது சரியா பிழையா என்பதை மாத்திரமே. அழகு அவர்களுடைய பொறுப்பாக இருந்தது.

அந்தக் கண்ணும் கையும் அறிந்தவற்றை எழுதிவைக்கும் முயற்சிகள் ஆங்காங்கே நடைபெற்றன. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தில் கணித விரிவுரையாளர் ஒருவரும், ஒப்புநோக்காளர் ஒருவரும், அச்சகத் தலைவரும் சேர்ந்து கணித அச்சுப் பற்றிய ஒரு நூலை 1954இல் வெளியிட்டனர். சோன்டி, பரெட், பேட்டி என்பன அவர்களுடைய பெயர்கள். ஆனால் நூலை மனிதர் வாசிக்கலாம், இயந்திரம் வாசிக்காது.

1960களிலும் 1970களிலும் ஈயம் விடைபெறத் தொடங்கியது. ஒளியச்சுக்கோப்பு என்ற புதிய முறை வந்தது. எழுத்தின் நிழலைப் படச்சுருளில் பதிக்கும் அம்முறை மலிவானது, விரைவானது. உரைநடைக்கு அது போதுமாயிருந்தது. கணிதத்துக்கோ அது பெரும் இறக்கமாக அமைந்தது. மொனோடைப் அறிந்த தொழிலாளர்கள் ஓய்வுபெற்றுச் சென்றனர். அவர்களுடைய இடத்துக்கு எவரும் வரவில்லை. பல சஞ்சிகைகளும் விரிவுரைத் தொகுப்புகளும் தட்டச்சுப் பொறியில் அடிக்கப்பட்டு, விசேட குறிகள் பேனாவினால் எழுதிச் சேர்க்கப்பட்டு, அப்படியே படம்பிடித்து அச்சிடப்பட்டன. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய கணிதச் சஞ்சிகை ஒன்றை அக்காலத்துச் சஞ்சிகைக்கு அருகில் வைத்துப் பார்த்தால், பழையதே புதியதாகத் தோன்றும்.

இந்த நிலையில் கணனியை நாடிய முதல் முக்கிய முயற்சி ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் நிகழ்ந்தது. பிரையன் கேர்னிகன், லொரிண்டா செரி ஆகிய இருவரும் கணிதத்தை அச்சுக்கோப்பதற்கென்றே ஒரு சிறு மொழியை உருவாக்கி, 1975இல் அதுபற்றிய ஆய்வுரையை வெளியிட்டனர். கணிதமோ அச்சுக்கலையோ அறியாத ஒரு தட்டச்சாளரும் சொற்ப நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் சமன்பாட்டை எழுதும்போது வாயால் எப்படிச் சொல்வாரோ அதையே தட்டச்சுச் செய்தால் போதும். ‘ஏ ஓவர் பி’ என்று அடித்தால் பின்னம் உருவாகும். சமன்பாட்டின் தோற்றத்தை வரைந்து காட்டத் தேவையில்லை. அதன் அமைப்பைச் சொன்னால் தோற்றத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் இங்கேதான் தெளிவாக உருப்பெற்றது எனலாம்.

இதற்குச் சற்றுப் பின்னர் இக்கதையின் நாயகர் வருகிறார். டொனால்ட் கனூத் 1938 ஜனவரி 10ஆம் திகதி விஸ்கொன்சின் மாநிலத்தின் மில்வோக்கி நகரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் பாடசாலை ஆசிரியர். சிறியதொரு அச்சுத் தொழிலும் நடத்தி வந்தார். கனூத் பின்னர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். கணனி நிரலாக்கக் கலையைப் பற்றிய அவருடைய பெருநூலின் முதற் பாகம் 1968இலும், இரண்டாம் பாகம் 1969இலும், மூன்றாம் பாகம் 1973இலும் அடிசன் வெஸ்லி பதிப்பகத்தால் வெளியிடப்பட்டன. 1974இல் கணனித்துறையின் அதியுயர் விருதான டியூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. முதற் பதிப்புகள் ஈய எழுத்தில் அழகாக அச்சானவை.

இரண்டாம் பாகத்தைத் திருத்திய பதிப்பாக வெளியிட ஏற்பாடானபோது காலம் மாறிவிட்டது. 1977 மார்ச் 30ஆம் திகதி புதிய முறையில் அச்சுக்கோத்த பக்கங்களின் ஒப்புநோக்கற் பிரதி அவருடைய கைக்கு வந்தது. எழுத்துக்களின் வடிவமும் இடைவெளியும் அவரை வருத்தின. பல்லாண்டுகள் உழைத்து எழுதிய நூல் இப்படி வெளிவருவதை அவரால் ஏற்க முடியவில்லை.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் வேறொரு நூலின் அச்சுப் பிரதியை அவர் கண்டிருந்தார். அது மிக நுண்ணிய புள்ளிகளால் எழுத்தை உருவாக்கும் புதிய எண்முறைக் கருவியில் தயாரானது. புள்ளி இருக்கும் இடத்தில் ஒன்று, இல்லாத இடத்தில் பூச்சியம். அச்சுப் பக்கம் என்பது ஒன்றுகளும் பூச்சியங்களும் கொண்ட பெரியதோர் அட்டவணை என்றாகிவிட்டால், அது ஒரு நிரலாளர் தீர்க்கக்கூடிய பிரச்சினையாகிவிடுகிறது. கனூத் தமது ஏனைய வேலைகளை ஒதுக்கி வைத்தார். மே மாதத்தின் நடுப்பகுதிக்குள் புதிய மொழியின் முதல் வரைவு தயாராகிவிட்டது. அதற்கு ‘டெக்’ என்று பெயரிட்டார். கலை, தொழில்நுட்பம் என்ற இரு பொருளும் தரும் கிரேக்கச் சொல்லின் முதல் மூன்று எழுத்துக்கள் அவை. மைக்கல் பிளாஸ், பிராங்க் லியாங் என்ற இரு மாணவர்கள் அக்கோடை காலத்தில் மாதிரி வடிவத்தை நிரலாக்கினர். பின்னர் கனூத் தாமே அமர்ந்து முழு நிரலையும் எழுதி, 1978இல் இயங்கச் செய்தார். தமக்கும் தமது செயலாளருக்கும் மாத்திரம் பயன்படும் கருவி என்றே அப்போது அவர் எண்ணியிருந்தார்.

இங்கே கனூத் செய்த ஒரு காரியம் என் கவனத்தைப் பெரிதும் ஈர்க்கிறது. எது அழகான கணித அச்சு என்று அவர் தாமாகத் தீர்மானிக்கவில்லை. முன்னோர் செய்ததைத் தேடிச் சென்றார். மூன்று மூலங்களைத் தெரிவுசெய்தார். முதலாவது, அடிசன் வெஸ்லியின் பழைய நூல்கள். அவற்றின் பின்னால் ஹான்ஸ் வூல்ஃப் என்ற அச்சுக்கோப்பாளரின் கைவண்ணம் இருந்தது. இரண்டாவது, மிட்டாக்-லெஃப்லர் சுவீடனில் நடத்திய ‘அக்டா மத்தமற்றிக்கா’ சஞ்சிகையின் 1910ஆம் ஆண்டை அண்டிய இதழ்கள். மூன்றாவது, ‘இண்டகாசியோனெஸ்’ என்ற டச்சுச் சஞ்சிகையின் 1950ஆம் ஆண்டுத் தொகுதி. இவற்றில் குறிகளுக்கிடையே விடப்பட்ட இடைவெளிகளை ஒவ்வொன்றாக அளந்து, அந்த அளவுகளுக்குப் பின்னால் மறைந்திருந்த ஒழுங்கைக் கண்டறிந்து, அவற்றை விதிகளாக எழுதினார்.

அந்த விதிகள் எத்தகையவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதுமானது. கழித்தல் குறியை எடுத்துக்கொள்வோம். இரண்டு எழுத்துக்களுக்கு நடுவே வந்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது அதற்கு இருபுறமும் சிறிது இடம் வேண்டும். அதே குறி, மறை எண்ணின் அடையாளமாக 1 என்ற இலக்கத்தின் முன்னே நின்றால், இலக்கத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். சமக்குறிக்கோ இரு பக்கமும் இன்னும் சற்றுக் கூடுதலான இடம் தேவை. டெக் மொழி, எழுத்தின் அளவோடு மாறும் ‘எம்’ என்ற பழைய அச்சக அளவைப் பதினெட்டுப் பங்காகப் பிரிக்கிறது. நிறுத்தற் குறிக்குப் பின் மூன்று பங்கு, கூட்டல் கழித்தல் குறிகளின் இருபுறமும் நான்கு பங்கு, சமக்குறி போன்றவற்றின் இருபுறமும் ஐந்து பங்கு என்பது அடிப்படைக் கணக்கு. சூத்திரத்தில் வரும் ஒவ்வொரு குறியையும் எட்டு வகைகளுள் ஒன்றில் அடக்கி, எந்த வகைக்கு அடுத்து எந்த வகை வந்தால் எவ்வளவு இடம் என்று அது தீர்மானிக்கிறது. நமது பழைய அச்சுக்கோப்பாளர் விரல் நுனியில் வைத்திருந்தது இந்த அட்டவணையைத்தான்.

எழுதுபவரின் பங்கு மிக எளியது. எக்ஸ் என்ற எழுத்தை அடுத்து ஒரு கூரைக் குறியையும் (^) 2 என்ற இலக்கத்தையும் அடித்தால் அது எக்ஸின் வர்க்கமாகும். கீழ்க்கோட்டுக் குறி (_) இட்டால் இலக்கம் காலடிக்கு இறங்கும். சுட்டியின் எழுத்துச் சிறிதாகும். சுட்டிக்கு மேலும் ஒரு சுட்டி வந்தால் அது மேலும் சிறிதாகும். பின்னத்துக்குப் பெல் ஆய்வுகூடத்தார் கையாண்ட ‘ஓவர்’ என்ற சொல்லே இங்கும் கட்டளையாயிற்று. உரைநடைக்கு நடுவே கணிதம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் டொலர் குறி இட வேண்டும். கணித அச்சு செலவுமிக்கது என்று கருதப்படுவதால் அந்தக் குறியைத் தெரிவுசெய்ததாகக் கனூத் தமது கைநூலில் வேடிக்கையாகக் குறிப்பிட்டுள்ளார். ‘தண்டப் பிரதி’யின் நினைவு இவ்வாறு ஒரு குறியாக எஞ்சி நிற்கிறது.

1978 ஜனவரியில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கிப்ஸ் விரிவுரையை நிகழ்த்த அழைக்கப்பட்ட கனூத், கணித அச்சுக்கலையையே பேசுபொருளாக எடுத்துக்கொண்டார். அச்சங்கத்தின் சொந்தச் சஞ்சிகையின் பக்கங்கள் காலத்துக்குக் காலம் எவ்வாறு மாறி வந்தன என்பதைக் கணிதவியலாளர்களுக்கு முன்னால் எடுத்துக் காட்டினார். சங்கம் இவ்விடயத்தில் அக்கறை கொண்டு டெக் மொழியை ஏற்றுக்கொண்டது. 1980இல் பயனாளர் சங்கமும் அதன் சஞ்சிகையும் தோன்றின.

ஆனால் மொழி மாத்திரம் போதவில்லை; எழுத்துருவும் வேண்டியிருந்தது. அதற்காக ‘மெட்டாஃபொண்ட்’ என்ற இன்னொரு மொழியைக் கனூத் உருவாக்கினார். எழுத்தின் வளைவுகளைச் சமன்பாடுகளால் வரையும் மொழி அது. இவற்றின் துணையுடன் அச்சான இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்பு 1981இல் வெளிவந்தது. நூலைக் கையில் எடுத்துப் பார்த்த கனூத்துக்குத் திருப்தி ஏற்படவில்லை. எழுத்துருக்கள் இன்னமும் சரியாக அமையவில்லை என்று கண்டு மீண்டும் வேலையைத் தொடங்கினார். ஹேர்மன் சாப், மத்தியூ கார்ட்டர் போன்ற புகழ்பெற்ற எழுத்து வடிவமைப்பாளர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். மொழியையும் புதிதாக எழுதி, கைநூலை 1984இல் வெளியிட்டார். முழு நிரலும் விளக்கங்களுடன் ஐந்து தொகுதிகளாக 1986இல் நூலுருப் பெற்றது. சில மாதங்களில் முடிக்கலாம் என்று தொடங்கிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கிவிட்டது. அவருடைய பெருநூலின் நான்காம் பாகத்தின் முதற் பகுதி 2011இலேதான் வெளிவர முடிந்தது.

இத்தனைக்கும் அவர் இதனை விற்கவில்லை. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். பிழை கண்டுபிடிப்பவருக்குப் பரிசும் அறிவித்தார். 2.56 டொலரில் தொடங்கிய அந்தப் பரிசு ஆண்டுதோறும் இரட்டித்து 327.68 டொலரில் நின்றது. 1990இல் வெளியான மூன்றாம் பதிப்போடு மொழியில் இனிப் புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தார். அதன் பின்னர் பிழைதிருத்தம் மாத்திரமே. ஒவ்வொரு திருத்தத்தின் போதும் பதிப்பு எண்ணில் ‘பை’ என்ற மாறிலியின் அடுத்த இலக்கம் சேர்க்கப்படும். 2021இல் அது 3.141592653 ஆனது. தமது மரணத்தின் பின்னர் பதிப்பு எண் ‘பை’ என்றே நிலைத்துவிட வேண்டும் என்றும், அதன்பின் எஞ்சியிருக்கும் பிழைகளும் மொழியின் இயல்புகளாகவே கொள்ளப்பட வேண்டும் என்றும் அவர் அறிவித்துள்ளார்.

மென்பொருள்கள் ஆண்டுக்கொரு சட்டை மாற்றும் உலகில் இது விசித்திரமான தீர்மானம். ஆனால் இதன் பயன் பெரிது. 1980களின் பிற்பகுதியில் எழுதப்பட்ட ஒரு கோப்பை இன்றும் அச்சிட முடிகிறது. அக்காலத்தில் வேறு மென்பொருள்களில் தயாரித்த எத்தனையோ ஆவணங்களை இன்று திறக்கவும் வழியில்லை என்பதைப் பத்திரிகை அலுவலகங்களில் பணியாற்றியவர்கள் நன்கறிவர்.

லெஸ்லி லம்போர்ட் 1980களில் டெக் மொழியின் மீது ‘லேடெக்’ என்ற இலகுவான அமைப்பைக் கட்டியெழுப்பினார். அதன் பின்னர் மாணவர்களும் தமது கட்டுரைகளைத் தாமே அச்சுக்கோக்கத் தொடங்கினர். டெக் கோப்பு வெறும் எழுத்துக்களால் ஆனது என்பதால், எந்தச் சூத்திரத்தையும் மின்னஞ்சலில் அனுப்ப முடிந்தது. இதனைப் பயன்படுத்திப் போல் கின்ஸ்பார்க் என்ற பௌதிகவியலாளர் 1991 ஆகஸ்ட் மாதத்தில் ஆய்வுக் கட்டுரைகளுக்கான திறந்த களஞ்சியம் ஒன்றை ஆரம்பித்தார். போன்கரேயின் ஊகத்தை நிறுவும் பெரல்மானின் முதற் கட்டுரை 2002 நவம்பரில் அக்களஞ்சியத்திலேயே வெளியானது. நூறாண்டுக்காலம் விடைகாணாதிருந்த கேள்விக்கான பதில், எந்த அச்சகத்தின் வாசலையும் மிதிக்காமல் உலகைச் சென்றடைந்தது.

அச்சுக்கோப்பாளர் என்ற தொழிலாளி இதனால் முற்றாக மறைந்துவிடவில்லை. மேலைநாட்டு அறிவியற் சஞ்சிகைகள் பலவற்றின் பக்கங்களை அமைக்கும் வேலை சென்னைக்கும் புதுச்சேரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் வந்து சேர்ந்தது. ஈயத்தட்டுக்குப் பதிலாகக் கணனித் திரையின் முன்னால் அமர்ந்து, ஐரோப்பிய அறிஞர்களின் சமன்பாடுகளைத் தமிழ் இளைஞர்களும் யுவதிகளும் ஒழுங்குபடுத்தினர். தமிழ் எழுத்துருவொன்று மெட்டாஃபொண்ட் மூலம் அமெரிக்காவின் வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டதும், 2004இல் வெளியான ‘சீடெக்’ யுனிகோட் எழுத்துக்களை நேரடியாகக் கையாளும் வழியைத் திறந்ததும் இங்கு குறிப்பிடத்தக்கன.

எனினும் இந்த வரலாற்றை வாசிக்கும்போது என் மனதில் எஞ்சுவது ஒரு கவலையே. ஹான்ஸ் வூல்ஃப் என்ற தொழிலாளியின் கைத்திறன் உலகெங்குமுள்ள கணனிகளில் இன்றும் வாழ்கிறது. அவர் அமைத்த பக்கங்களை ஒருவர் உரிய காலத்தில் அளந்து பார்த்து எழுதிவைத்தமையே அதற்குக் காரணம். நமது பத்திரிகை அச்சுக்கூடங்களிலும் அத்தகையோர் இருந்தனர். நீண்ட தமிழ்ச் சொல்லொன்றை வரியின் இறுதியில் எங்கே பிரித்தால் கண்ணை உறுத்தாது, கொம்பும் காலும் உடைய எழுத்துக்கள் நெருங்கி வரும்போது எப்படி இடம் விட வேண்டும், தலைப்பின் இரண்டாம் வரி எவ்வளவு உள்தள்ளி நிற்க வேண்டும் என்பவற்றை அவர்கள் அறிந்திருந்தனர். கணனி வந்தபோது அவர்களிடம் எவரும் எதனையும் கேட்கவில்லை. ஈய எழுத்துக்கள் நிறுத்து விற்கப்பட்டன. தொழிலாளர்கள் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இன்று தமிழ்ப் பத்திரிகையில் ஒரு சொல் பொருத்தமற்ற இடத்தில் பிளவுண்டு கிடப்பதையும், வரியொன்று பல் விழுந்த வாய்போல் இடைவெளிகளுடன் இளிப்பதையும் காணும்போது, அந்தக் கைகளின் அறிவு எங்கே போயிற்று என்று எண்ணத் தோன்றுகிறது.

அவர்கள் அமைத்த பக்கங்கள் இன்னமும் நூலகங்களில் இருக்கின்றன. ஆவணக் காப்பகத்திலும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. கனூத் 1910ஆம் ஆண்டின் சஞ்சிகையை எடுத்து வைத்து அளந்ததுபோல, நம்மவர் ஒருவர் ஒரு அளவுகோலுடனும் உருப்பெருக்கிக் கண்ணாடியுடனும் அப்பக்கங்களின் முன்னால் அமர்ந்தால், அந்த விதிகளில் பலவற்றை இப்போதும் மீட்டெடுக்கலாம். தாள் பழுப்பேறி உதிர்வதற்கு முன்னர் அது நடைபெற வேண்டும்.